மலைக்குள் வெந்நீர்த் தொட்டி

மட்டக்கோலுக்குள் பச்சைத் திரவம்,
அதற்குள் ஒரு குமிழி
இடப்பக்கமே ஒதுங்கி நிற்கிறது, பிடிவாதமாக.
வீடு சாய்ந்திருக்கிறது என்கிறாள் ஐலா,
நான்தான் கட்டினேன் என்பதுபோல் என்னைப் பார்த்து.

வெளியே மினசோட்டா, ஜனவரி,
சுழியத்துக்குக் கீழே இருபத்தேழு.
நிலத்தடி அறையில் மரத்தூள் வாசனை.
பதினாறு அங்குலத்துக்கு ஒரு குறுக்குச்சட்டம்.
ஆணி கூடாது, திருகு மட்டும்,
அதுவும் அடியிலிருந்து:
நாளைக்கு மனசு மாறினால்
மலையைத் தொடாமல் மரத்தை மாற்றலாமாம்.
நூறு அங்குலத்துக்கு இரண்டங்குலம் ஏற்றம்.
அதற்குமேல் போனால்
எஞ்சினுக்குச் சக்கரம் வழுக்கும்.

எண்பத்தேழில் ஒரு பங்கு அவள் உலகம்.
அந்தக் கணக்கில் நான் இரண்டு சென்டிமீட்டர்.
சலவை இயந்திரம் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் இருப்பதால்
அழுக்குக் கூடையோடு குனிந்து போகிறவன்
முழு அளவு ஆள்,
இடுப்பு வலியும் முழு அளவு.

ஐலாவுக்கு வேலை பல் மருத்துவரிடம்.
முனை மழுங்கிய சுரண்டிகள்
கோட்டுப் பையில் வீடு வந்து சேரும்.
காரை எடுத்த கொக்கியால்
பாறைக்கு விரிசல் போடுகிறாள்.
பல் அச்செடுக்கும் சாந்துதான் பாறையும்.
"வாயைத் திறங்க" என்கிறாள் மலையிடம்,
பழக்கதோஷம்.

யாரோ என்று ஒரு காட்டுச்செடி,
பெயரே அப்படித்தான்.
செப்டம்பரில் சாலையோரம் பறித்துக் காயவைத்த
முந்நூறு தண்டுகள் இப்போது மரங்கள்.
பசைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு.
இல்லாவிட்டால் நீர் முத்தாக உருண்டு
புல்பொடியின் தலைமேலேயே நிற்கும்.

மண்ணில்தான் சிக்கல்.
மெசாபிச் சுரங்கப் பாதையோரம்
ஒரு வாளி அள்ளி வந்தோம்.
அடுப்பில் காயவைத்து
என் தேநீர் வடிகட்டியில் சலித்து
பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை
மேலே மெல்ல நகர்த்தினாள்.
பாதி மண் எழுந்து அதோடு போயிற்று,
கூப்பிட்ட பிள்ளைகள்போல.
மோட்டாருக்குள் போனால் எஞ்சின் காலி.
இரும்புக்காகப் போட்ட ரயில்,
இரும்பு மண்ணுக்கு மட்டும் அதில் இடமில்லை.
செங்கல்பொடியும் காப்பிச் சக்கையும் கலந்து
இரும்பில்லாத இரும்பு மண் ஒன்று செய்தாள்.
உண்மையான வாளி
வாசல் பனிக்கட்டிமேல் கொட்டப்பட்டது,
வழுக்காமல் இருக்க.

ஆற்றுக்கு ரெசின், மூன்று பூச்சு,
பூச்சுக்கு ஒரு நாள்.
மூன்றாவது நாள் இரவு
ஆறு ஓடியது.
ரெசின் இல்லை. வெதுவெதுப்பான, துரு நாற்றமடித்த
நிஜத் தண்ணீர்,
அவள் வரைந்த பள்ளத்திலேயே வளைந்து
பாலத்துக்கடியில் நுழைந்து
என் சாக்ஸில் இறங்கியது.

குழாய்க்காரர் கிளேட்டன் ஸாலார்
முழங்கால் மெத்தை கட்டிக்கொண்டு வந்தார்.
"தொட்டி எங்கே?"
"மலைக்குள்."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பென்சிலை எடுத்து
பாறை அடுக்கோடு ஒரு கோடு இழுத்தாள் ஐலா.
"இதன்படி வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் பொய்யாகத் தெரியும்."
அவர் அப்படியே வெட்டினார்.
போகும்போது சொன்னார்:
"மூடாதீர்கள். எரிவாயுச் சுடர், காற்று வேண்டும் அதற்கு.
இத்தனை நாள் நீங்கள் உயிரோடு இருந்ததே பெரிது."

எட்டு நாள் அவள் கீழே இறங்கவில்லை.
ஒன்பதாம் நாள் சுரண்டிச் சத்தம்.
ஓட்டையின் விளிம்பைப் படிப்படியாக இறக்கி
திறந்தவெளிச் சுரங்கமாக்கிக்கொண்டிருந்தாள்.
படிக்கட்டுகளில் விரல்நக அளவு லாரிகள்.
இந்த ஊரில் எந்த மலைதான்
மூடியிருக்கிறது என்றாள்.

துணி எடுக்கக் குனிகிறேன்.
ஆழத்தில் நீலமாக ஒரு சுடர்,
அது மட்டும் முழு அளவு.
காலிப் பெட்டிகள் பதினெட்டு அதைச் சுற்றி வருகின்றன.
மட்டக்கோல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.
குமிழி இடப்பக்கம்.